நாலு மணியில் நமக்குப் புள்ளி இல்லை

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்காகச் சேலையில் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் சரோஜா, மருதமுத்துவின் மனைவி. அவர் அழவில்லை. "டீச்சரம்மா, பஸ்ஸுக்குப் போயிடாதீங்க. இவரு இன்னிக்கி வரமாட்டாரு," என்றார். காய்ச்சலா என்று கேட்டேன். "இல்லங்க. விடிய எந்திரிச்சு, சட்டையெல்லாம் போட்டு, சப்பாத்து போடக் குனிஞ்சவரு அப்படியே கதிரையில சாஞ்சிட்டாரு. முடிஞ்சிருச்சுங்க." பிறகு, "நீங்க ரோட்டுல நின்னுக்கிட்டு இருப்பீங்களேன்னுதான் மொதல்ல ஒங்களுக்கு எடுத்தேன்," என்றார்.

கணவர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகாத வீட்டிலிருந்து, ஒரு கிழவி பஸ் தரிப்பில் வீணாக நிற்கக் கூடாதே என்று அழைப்பு வருகிறது. அந்த வீட்டாரை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

பதினாறாம் நாளுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க ஒரு சிறிய நினைவு மலர் போடுவதாகவும், அதற்கு நான் எழுத வேண்டும் என்றும் அவருடைய மகள் கேட்டாள். "அழுகையா எழுதிறாதீங்க டீச்சர், அப்பாவுக்கு அது பிடிக்காது," என்றாள். எனக்கும் பிடிக்காது. ஆகவே, செவ்வாய்க்கிழமைக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கஹவத்தைப் பக்கத்து மலைகளிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, அந்தப் பச்சைச் சுவர் அறைக்கு வெளியே நீள வாங்கில் உட்கார்ந்து, "கெமரா விழுங்க" முறை வரும்வரை நடுங்கியவர்கள் நீங்கள். உங்கள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த கை யாருடையது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. பின்னால் ஒரு டொக்டரைப் பற்றிச் சொல்லவேண்டி இருக்கிறது. அவர் நல்ல மனிதர். அவருடைய பெயரையும் எழுதமாட்டேன்.

மருதமுத்து கரவனெல்லப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஆஸ்பத்திரியில் சிற்றூழியராகச் சேர்ந்து, தள்ளுவண்டி தள்ளி, நிலம் துடைத்து, கடைசியில் எண்டொஸ்கோபி அறைக்கு வந்து சேர்ந்தார். வாய் வழியாகக் குழாயை இறக்கி வயிற்றுக்குள் பார்க்கிற அறை அது. குழாய்களைக் கழுவுவதும், நோயாளியைப் பக்கவாட்டில் படுக்க வைத்துத் தலையைப் பிடிப்பதும் அவருடைய வேலை. நான் ஆங்கில ஆசிரியையாக ஓய்வு பெற்ற பின், அந்த அறையின் பெரிய டொக்டர் கேட்டுக்கொண்டதால் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போகத் தொடங்கினேன். டொக்டருக்குச் சிங்களமும் ஆங்கிலமும்தான். தோட்டத்து ஆட்களில் வயதானவர்கள் பலருக்குத் தமிழ் மட்டும்தான். இடையில் நான். சம்பளம் இல்லை, ஒரு கதிரை உண்டு.

முதல் வேலையாக ஒரு அறிவித்தல் எழுதினேன். கொன்வென்டில் படித்தவள் நான். கையெழுத்து சாய்ந்தால் ஸ்கேலால் விரலில் அடிக்கிற கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்தவள். "உள்நோக்கிப் பரிசோதனைக்குச் சமுகமளிப்போர் முதல்நாள் இரவு பத்து மணிக்குப் பின்னர் ஆகாரம் எதனையும் உட்கொள்ளலாகாது" என்று அட்டையில் எழுதி மாட்டினேன். ஒரு பிழை கிடையாது. மருதமுத்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் வாசித்தார். "ரொம்ப அழகா இருக்கு டீச்சரம்மா. கோயில் வாசல்ல மாட்டலாம்," என்றார். இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை.

அந்த இரண்டு வாரத்தில் எனக்கு ஒன்று தெரிந்துபோனது. அறிவித்தலை வாசித்தவர்கள், வாசிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் எல்லோரும் வயிறு நிறையத் தேநீர் குடித்துவிட்டு வந்தார்கள். "சாப்பிட்டீர்களா?" என்று நான் கேட்பேன். "இல்லீங்கம்மா, பச்சத்தண்ணிகூட இல்ல," என்பார்கள். பொய்யில்லை. விடிந்ததும் கையில் ஒரு துண்டுச் சக்கரையோடு குடிக்கிற, பால் சேர்க்காத சாயத்தண்ணியை எங்கள் ஆட்கள் யாரும் உணவு என்றோ பானம் என்றோ நினைப்பதில்லை. முகம் கழுவுவதைப்போல அது. குழாய் இறங்கியதும் உள்ளே ஒரு சிறிய குளம் தெரியும். டொக்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

மருதமுத்து என் கேள்வியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். ஒரு ஆள் உள்ளே வந்ததும், வேறு பேச்சே இல்லாமல், "இன்னிக்கி எத்தன மணிக்கித் தேத்தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்பார். "அஞ்சரைக்கு" என்று பதில் தானாக வரும். "சரி, அந்த வாங்கில ஒக்காருங்க. பன்னிரண்டு மணிக்கி ஒங்களுக்கு." இல்லையென்று சொல்ல வாய்ப்பே கொடுக்காத கேள்வி. முப்பத்திரண்டு வருடம் வகுப்பறையில் நின்றும் எனக்கு அப்படி ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. மூன்றாம் வாரம் நானே போய் அவரிடம் பேசினேன். அட்டையைக் கழற்றி அடுத்த பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "தேத்தண்ணியும் குடிக்கக் கூடாது. சாயத்தண்ணியும் தேத்தண்ணிதான்." அந்த அட்டை இன்னும் அங்கே தொங்குகிறது.

அன்றைக்கு இருந்தது பழைய குழாய். அதன் மேல் முனையில் ஒரு கண்ணாடி வில்லை. டொக்டர் அதில் ஒரு கண்ணை வைத்துப் பார்ப்பார். அவர் பார்ப்பதை வேறு யாரும் பார்க்க முடியாது. குழாய்க்குள் இருப்பவை ஒளியிழைகள் என்று நான் நோயாளிகளுக்கு விளக்குவேன். அவர்கள் பணிவாகத் தலையாட்டுவார்கள். ராமாயி என்று ஒரு கொழுந்தெடுக்கிற பெண், "அதெப்படீங்க, வளைஞ்சு வளைஞ்சு போற பைப்புக்குள்ள கண்ணு நேராப் பாக்கும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் ஒளியின் முழு உட்தெறிப்புப் பாடத்தைத் தொடங்கினேன். மருதமுத்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நீ எத்தனாம் நிரையில கொழுந்து எடுக்குற?"

"ஏழு."

"எட்டாம் நிரையில என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

"அதுக்கு அங்க மாரியாயி இருக்காளே."

"அதேதான். இந்தப் பைப்புக்குள்ள தலமுடியவிட மெல்லிசா ஆயிரக்கணக்குல கண்ணாடி நூல் இருக்கு. ஒவ்வொண்ணும் தன்னோட நிரைய மட்டும்தான் பாக்கும். கீழ எந்த வரிசையில நிக்குதோ மேலயும் அதே வரிசையில நிக்கும். எல்லாரும் ஒழுங்கா நின்னா முழு மலையும் டொக்டருக்குத் தெரியும்."

"ஒருத்தி காலையில பேரு குடுக்குற பெரட்டுக்கு வரலன்னா?"

"அந்த எடம் கறுப்பு. அவ்வளவுதான்."

ராமாயி திருப்தியாகப் படுத்துக்கொண்டாள். நான் என் முழு உட்தெறிப்பை மடித்து வைத்தேன்.

வராதவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். அந்தக் குழாய் எங்கேயோ பல வருடம் உழைத்துவிட்டு எங்களிடம் வந்தது. உள்ளே சில நூல்கள் முறிந்திருந்தன. முறிந்த ஒவ்வொரு நூலும் டொக்டரின் பார்வையில் ஒரு கறுப்புப் புள்ளி. குழாயைச் சுருட்டி வைத்தால் நூல் முறியும் என்று மருதமுத்து அதை உயரமான கொக்கியில் நேராகத் தொங்கவிடுவார். ஒருநாள் பயிற்சிக்கு வந்த ஒரு தாதி அதைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டாள். "நங்கி, ஒங்க பின்னல நான் இப்படிச் சுத்தினா சும்மா இருப்பீங்களா?" என்று, தங்கையை அழைப்பதுபோல, சிங்களத்தில் கேட்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னால் யாருக்கும் வராது. நான் அதையே சொல்லியிருந்தால் முறைப்பாடு போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் நோயாளிக்கு முன், அவர் குழாயின் நுனியை ஒரு வெள்ளைத் தாளுக்கு நேரே பிடித்து மேலே கண்ணை வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு, ஒரு அட்டையில் வட்டம் போட்டு, கடிகாரத்தைப்போல மணிகளைக் குறித்து, கறுப்புப் புள்ளிகள் எங்கே எங்கே என்று வரைந்து தேதி போடுவார். பன்னிரண்டு மணியில் ஒன்று, இரண்டு மணியில் இரண்டு, ஏழில் ஒரு கூட்டம், இப்படி. யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. "இது எதற்கு?" என்று நான் கேட்டேன். "யார் யார் வரலன்னு தெரிஞ்சு வச்சிக்கணும்ல, டீச்சரம்மா," என்றார். பெரிய டொக்டர் அந்த அட்டையைப் பார்த்துச் சிரிப்பார், ஆனால் பார்ப்பார்.

வாங்கில் இருந்தவர்களுக்குக் குழாயைவிட அவருடைய வாய் பிடிக்கும். குருவிட்டவிலிருந்து மாணிக்கக் குழியில் வேலை செய்த ஒரு வயதானவர் வந்தார். "தம்பி, உள்ள ஏதும் கல்லு தெரிஞ்சா எனக்குப் பங்கு தந்திரணும்," என்றார். மருதமுத்து உடனே பங்கு பிரித்தார். "நீலக்கல்லுன்னா எனக்கு. பித்தக்கல்லுன்னா ஒங்களுக்கு." அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் இரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று தாதி சத்தம் போட்டாள். குழாயைக் கடிக்கப் பார்த்த இன்னொருவரிடம், "பல்லு ஒங்க பல்லு, பைப்பு அரசாங்கத்து பைப்பு. எதுக்குச் சேதம் வந்தாலும் எனக்குத்தான் ஏச்சு," என்றார். அவர் ஒழுங்கானவர் என்று நான் சொல்லவரவில்லை. வெற்றிலை போடுவார். என்னிடம் வாங்கிப்போன குடையை மூன்று மழைக்காலம் வைத்திருந்தார். ஒருமுறை சிங்களப் புத்தாண்டுப் பலகாரத்தை எனக்கென்று கொண்டுவந்து, வழியிலேயே பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "சுத்தமா இருக்கான்னு பாத்தேன்," என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். இதை இதுவரை யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

என் கணவர் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து, எனக்கு முன்பே போய்விட்டார். மகன் வெளிநாட்டில். தனியாக இருக்கிற ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி யாரிடமும் முறையிடாமல் இருப்பது கண்ணியம் என்று நான் நினைத்திருந்தேன். பதினான்கு வருடத்துக்கு முன் எனக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. படி ஏறினால் மூச்சு வாங்கியது. மலம் தார்போலக் கறுத்துப் போயிற்று. இரும்புச்சத்து மாத்திரையால் அப்படி ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றவர்களுக்கு இதே அறிகுறிகளை வாரம்தோறும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவள் நான்.

மருதமுத்து ஒருநாள் வேலை முடிந்து கையுறையைக் கழற்றும்போது, "டீச்சரம்மா, நீங்க சுவத்துல சாயுறீங்க," என்றார்.

"அதனால் என்ன?"

"இத்தன வருசத்துல நீங்க கதிரையிலகூடச் சாஞ்சு நான் பாத்ததில்ல."

நான் எழுந்து பையை எடுத்தேன். அவர் வழிவிட்டு நின்றார், ஆனால் பேச்சை விடவில்லை. "அடுத்த செவ்வாக்கெழம மொத ஆளா ஒங்க பேர எழுதுறேன். வரலன்னா வீட்டுக்கு வந்து வாசல்ல நின்னு சத்தமாக் கூப்பிடுவேன். பக்கத்து வீட்டு நோனா அம்மாமாரெல்லாம் எட்டிப் பாப்பாங்க." என்னை எப்படி மிரட்டவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனேன். வாங்கில் பன்னிரண்டு பேர், எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள். கதவைத் திறந்து மருதமுத்து கேட்டார்: "டீச்சரம்மா, இன்னிக்கி எத்தன மணிக்கித் தேத்தண்ணி குடிச்சீங்க?"

"ஆறு மணிக்கு," என்றேன்.

நான் சொன்னதை நானே கேட்டேன். பிறகு ராமாயிதான் முதலில் சிரித்தாள். அன்றைக்கு மருந்து வாங்க வந்திருந்தாள். "அந்த அட்டையில டீச்சர்தானே எழுதினாங்க!" என்று யாரோ சொன்னார்கள். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். மருதமுத்து மட்டும் சிரிக்கவில்லை. முகத்தை மிகவும் கவனமாக வைத்துக்கொண்டு, "வாங்கில ஒக்காருங்க," என்றார். பன்னிரண்டு மணிவரை இருந்தேன். அதற்குள் டொக்டரைச் சத்திரசிகிச்சைக்கு அழைத்துவிட்டார்கள். என் முறை அடுத்த வாரத்துக்குப் போயிற்று.

அடுத்த வாரம் பெரிய டொக்டர் விடுமுறையில். பதிலுக்கு ஒரு இளம் டொக்டர் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். அவருக்கு எங்கள் குழாய் புதிது. குழாய்க்குள் முதலில் எட்டிப்பார்த்ததும், "இது என்ன, மிளகுத்தூள் தூவிய தட்டா?" என்று சிங்களத்தில் அலுத்துக்கொண்டார்.

படுப்பதற்கு முன் பல் செட்டைக் கழற்றவேண்டும். அந்த ஊரில் என் பல் செட்டைப் பற்றி யாருக்கும் தெரியாது என்பது என் நம்பிக்கை. அசையாமல் நின்றேன். மருதமுத்து ஒன்றும் கேட்காமல் ஒரு துவாயை விரித்துத் திரைபோலப் பிடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நான் பாக்கல. உள்ள பாக்குறது டொக்டர் வேல. வெளிய பாக்குறது கடவுள் வேல. எனக்கு ரெண்டும் இல்ல." கழற்றினேன்.

தொண்டையில் மரத்துப்போகச் செய்யும் மருந்தை அடித்தார்கள். இடது பக்கமாகப் படுக்க வைத்தார்கள். வாயில் ஒரு பிளாஸ்டிக் வளையம். அந்த வளையத்தோடு யாராலும் ஒரு சொல்லும் சொல்ல முடியாது. குழாய் இறங்கியது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. என் தலை மருதமுத்துவின் இரண்டு கைகளுக்குள் இருந்தது. "மூச்சு விடுங்க. இன்னும் கொஞ்சம். நல்லாச் செய்யுறீங்க," என்று, நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே எனக்குச் சொன்னார்.

டொக்டர் தான் பார்ப்பதைத் தாதிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார், அவள் எழுதிக்கொண்டாள். எல்லாம் சிங்களத்தில். எனக்கு எல்லாம் விளங்கியது. உணவுக்குழாய் சரி. வயிற்றின் மேல்பகுதி சிவந்திருக்கிறது, சரி. "கீழே நாலு மணியில் ஒரு கறுப்பு. முறிந்த இழை இன்னொன்று. சரி, போதும், வெளியே எடுக்கிறேன்."

"சேர்," என்றார் மருதமுத்து. "நாலு மணியில நமக்குப் புள்ளி இல்ல."

தலையைப் பிடிக்கிறவர் டொக்டரின் பேச்சில் குறுக்கிடுவது வழக்கமில்லை. அதுவும் டொக்டர் படித்த விஷயத்தில்.

"என்ன?"

"நாலு மணியில இல்ல, சேர். பன்னிரண்டுல ஒண்ணு, ரெண்டுல ரெண்டு, ஏழுல கூட்டம். காலையில வெள்ளத் தாள்ல பாத்தேன்."

"அதற்குப் பிறகு முறிந்திருக்கலாம். பழைய குழாய்."

"முறிஞ்சிருக்கலாம், சேர். ரெண்டு விரல் பின்னுக்கு இழுத்துப் பாருங்க. நம்ம புள்ளின்னா நம்மகூடவே வரும். அவங்களோடதுன்னா அங்கேயே நிக்கும்."

எனக்கு வாந்தி முட்டிக்கொண்டு வந்தது. கண்ணில் நீர். இளம் டொக்டருக்காக வெளியே வாங்கில் இன்னும் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். அவர் எரிந்து விழுந்திருக்கலாம். நானாக இருந்திருந்தால் விழுந்திருப்பேன். அவர் கண்ணை மறுபடி வில்லையில் வைத்துக் குழாயை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். என் தலையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகியதை உணர்ந்தேன்.

"நிற்கிறது," என்றார் டொக்டர். குரல் மாறியிருந்தது. "அங்கேயே நிற்கிறது." பிறகு தாதியிடம், "சதை எடுக்கிற கருவியைத் தாருங்கள்."

அது ஒரு புண். அதன் நடுவில் உறைந்த இரத்தம் கறுப்பாகத் தெரிந்தது. விளிம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகளில் புற்று தொடங்கியிருந்தது தெரியவந்தது. தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். கொழும்பில் என் வயிற்றில் பாதியை எடுத்துவிட்டார்கள். பதினான்கு வருடமாக மீதிப் பாதியோடு நான் சின்னத் தட்டில் ஆறு வேளை சாப்பிட்டு மிகவும் நன்றாக இருக்கிறேன். விருந்துகளில் குறைவாகச் சாப்பிடுவது என் நாகரிகம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து அப்படியே நினைத்துக்கொண்டிருங்கள்.

அந்த டொக்டரைப் பற்றிச் சொன்னேனே, நல்ல மனிதர் என்று. வேலை முடிந்து போகும்போது அவர் மருதமுத்துவிடம் வந்து, "அந்த அட்டையைக் காட்டுங்கள்," என்றார். பார்த்தார். தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். "எங்கள் ஆஸ்பத்திரியிலும் ஒரு பழைய குழாய் இருக்கிறது," என்றார். அவர் அப்படிச் செய்திருக்கவேண்டிய அவசியமில்லை.

சில வருடங்களில் புதிய கருவி வந்தது. நுனியிலேயே கெமரா, பெரிய திரை, அறையில் இருக்கிற எல்லோரும் பார்க்கலாம். மருதமுத்துவுக்கு வருத்தமாக இருக்குமோ என்று எண்ணி, ஏதோ ஆறுதலாகச் சொல்லப்போனேன். அவர் திரைக்கு முன்னால் சினிமா பார்க்க வந்தவரைப்போல நின்றுகொண்டிருந்தார். "எம்மாம் பெரிசு! டீச்சரம்மா, இது ரொம்ப நல்லது. இனி ஒருத்தர் கண்ண மட்டும் நம்பிக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. பத்துப் பேரு பாக்கலாம், பத்துப் பேரும் சொல்லலாம்." சிறிது நேரம் கழித்து, "வெளிச்சம் போறது இன்னும் கண்ணாடி நூல்லதானாம். கேட்டுட்டேன்," என்றார். ஓய்வு பெற்ற பிறகும் செவ்வாய்க்கிழமைகளில் வந்தார். நோயாளிகளோடு வாங்கில் உட்கார்ந்து, தேத்தண்ணிக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போவார்.

நான் அவருக்கு நன்றி சொல்லப் பல மாதம் எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்வது எனக்குக் கடினம். அதைச் சொல்லாமல், வேறொன்றைக் கேட்டேன். அறுவைச் சிகிச்சை முடிந்து முதல்முறை ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, மதிய இடைவேளையில்.

"டொக்டரிடம் அப்படிச் சொல்ல உங்களுக்குப் பயமாக இல்லையா, மருதமுத்து?"

"இருந்துச்சுங்க. கை நடுங்குச்சு. ஒங்களுக்குத் தெரியலயா?"

"இறுகியது தெரிந்தது."

"அது நடுக்கந்தான். வெளிய தெரியாம இருக்க இறுக்கிப் புடிச்சேன்."

"பின் எதற்குச் சொன்னீர்கள்? தவறாக இருந்திருந்தால் உங்களை வேறு வார்டுக்கு மாற்றியிருப்பார்கள்."

அவர் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒங்களால வாய் பேச முடிஞ்சிருந்தா நீங்களே சொல்லியிருப்பீங்க. யாரு எது தப்பாச் சொன்னாலும் ஒடனே சொல்ற ஆளு. அன்னிக்கி ஒங்களால முடியல. அப்ப பக்கத்துல இருக்குறவன்தானே சொல்லணும்."

பிறகு பார்சலில் இருந்த பப்படத்தை எனக்கு நீட்டினார். பாதி வயிற்றுக்குப் பப்படம் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

அவர் போன பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகவேண்டுமா என்று சரோஜாவிடம் கேட்டேன். "போங்க, இல்லன்னா அவருக்குக் கோவம் வரும்," என்றார். அன்று அறையில் எல்லோரும் புதியவர்கள். உயரமான ஒரு இளம் பெண் டொக்டர், பயிற்சிக்கு வந்த மூன்று மாணவர்கள், இரண்டு தாதிமார், புதிதாகச் சேர்ந்த ஒரு ஊழியர். மேசையில் ஒரு வயதான தோட்டத்துப் பெண் படுத்திருந்தாள். வாயில் வளையம், குழாய் இறங்கிவிட்டது. திரையில் அவளுடைய வயிறு பெரிதாக, இளஞ்சிவப்பாக, மிகவும் தெளிவாகத் தெரிந்தது. டொக்டர் மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அறையில் இருந்த ஏழு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அவளைப் பார்த்தேன். அவளுடைய இடது கை உடம்புக்கு அடியில் மடிந்து மாட்டிக்கொண்டிருந்தது. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. வலது கையின் ஒரு விரலை மட்டும் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு எண்பத்தொரு வயது. அந்த அறையில் என் வேலை கேட்டதை மொழிபெயர்ப்பது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. டொக்டர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். வாக்கியத்தின் நடுவில் குறுக்கிடுவது என் வளர்ப்புக்கு ஆகாது.

"டொக்டர்," என்றேன், "கொஞ்சம் நிறுத்துங்கள். அவருடைய கை கீழே மாட்டியிருக்கிறது."

ஏழு பேரும் திரும்பினார்கள். டொக்டர் குனிந்து பார்த்து, "ஐயோ, ஸொரி அம்மா," என்று சிங்களத்தில் சொல்லி, அந்தக் கையைத் தானே மெதுவாக வெளியே எடுத்துவிட்டார். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு எல்லோரும் மீண்டும் திரைக்குத் திரும்பினார்கள். மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மருதமுத்துவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். முன்பெல்லாம் பிழை கண்ட இடத்தில் நான் பேசியது, பிழை எனக்குப் பொறுக்காததால். இப்போது, பேச முடியாமல் ஒருவர் பக்கத்தில் படுத்திருப்பதால் பேசுகிறேன். இந்த வயதில் புதிதாகப் பழகியது என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. நான் இருக்கும்வரை அது என்னிடம் இருக்கும்.